லாலர் வீட்டு ஜன்னல்

லாலர் வீட்டு ஜன்னலில் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருக்கும். அதற்குப் பால் வைக்க வேண்டாம், மழையில் நனைகிறதே என்று பதறவும் வேண்டாம். நான் வரைந்த பூனை அது. பக்கத்தில் இருந்த ஜெரேனியம் பூத்தொட்டியும், பின்னால் பாதி இழுத்துவிட்ட லேஸ் திரையும்கூட என் கைவேலைதான். வீட்டுக்காரக் கிழவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன, மகன் இங்கிலாந்தில். மாடியில் இரண்டு கண்ணாடி உடைந்ததும், மிச்சமும் போய்விடுமே என்று ஊரை அழகாக வைக்கும் எங்கள் கமிட்டி எல்லா ஜன்னல்களுக்கும் வெளியிலிருந்து பலகை அடித்தது. கடைத்தெருவின் நடுவில் அந்த மொட்டைப் பலகைகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. பெயின்ட் டப்பாவை என் கையில் திணித்தார்கள்.

எங்கள் கிராமமான பாலிடெரினில் காலியாகக் கிடக்கும் வீடுகளுக்கெல்லாம் ஜன்னல் வைப்பது நான்தான். மூடிப் பல காலமான துணிக்கடைக்குத் தொப்பிகள் வரைந்தேன். வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி இறங்கி, அந்தக் கடையின் கதவைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று பாசாங்கு செய்கிற வயதை எல்லாம் தாண்டிவிட்டேன்.

அந்த வருடம் ஐரோப்பியப் பூப்போட்டிக்கு அயர்லாந்தின் சார்பில் எங்கள் கிராமத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நாட்டுக்கு ஒரு கிராமம். நாட்டுக்கு ஒருவராக நடுவர்கள் ஒரு பேருந்தில் வந்து இறங்குவார்கள், ஒரு காலைப்பொழுது தெருத்தெருவாக நடப்பார்கள், பூவைப் பார்ப்பார்கள், புல்லைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். தங்கமா வெள்ளியா என்று பிறகு தெரியும். இதற்காக ஊர் ஒரு வருடம் தூங்கவில்லை. அல்லது எங்கள் கமிட்டித் தலைவன் ஃபெர்கல் தூங்கவிடவில்லை என்று சொல்லலாம்.

ஃபெர்கல் மாட்டு டாக்டர். முரண்டு பிடிக்கிற காளையையே வழிக்குக் கொண்டுவருகிறவன் எங்களை விடுவானா? நடுவர்கள் வருகிற வாரம் சாண வண்டி கடைத்தெருவுக்குள் வராது என்று விவசாயிகளிடம் சத்தியம் வாங்கினான். கல்லறைத் தோட்டத்துப் புல்லைப் பற்றிப் பாதிரியாரையே நிறுத்திவைத்து விசாரித்தான். பப்பின் வாசலில் சிகரெட் பிடிக்கிறவர்களுக்குச் சாம்பல் தட்டு கொடுத்து, அதற்கும் ஒரு பூச்செடி நட்டான். எரிச்சல் வரும், ஆனால் கெட்டவன் இல்லை. எங்கள் ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று அவனைப்போல் உயிரை விடுகிறவன் வேறு யாரும் இல்லை.

என் வேலை காலையில் தொங்குதொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. சின்னத் தண்ணீர்த் தொட்டி பொருத்திய தள்ளுவண்டி ஒன்று உண்டு. அதைத் தள்ளிக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போவேன். பெயின்ட் உரிந்த இடத்தில் கையோடு ஒரு பூச்சும் பூசிவிடுவேன். ஜூலை மாதத்தில் அப்படி ஒரு காலை, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, லாலர் வீட்டு ஜெரேனியத்துக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தேன். பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்கம்மா பூ இவ்வளவு சிவப்பா இருக்காது."

என் வயதில் இதயம் நிற்க இதைவிடச் சின்னச் சாக்கே போதும். தூரிகை எகிறிப் பூனையின் காதில் சிவப்பு அப்பிக்கொண்டது.

"யாரு உள்ள?"

"கத்தாத ப்ரீடா. நான்தான்."

"எல்லாரும் நான்தான். பேரு இல்லையா?"

"மோஸி," என்றது குரல்.

மோஸி லாலர். கிழவியின் மகன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து, தன் மைக்கூட்டில் தோய்ந்த என் பின்னல் நுனியைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டவன். மீசை முளைத்த கையோடு கப்பலேறிக் கவன்ட்ரிக்குப் போனான். அங்கே சாலை போட்டான், சாக்கடை தோண்டினான், கட்டடங்களுக்கு அஸ்திவாரம் வெட்டினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவின் சாவுக்கு வந்தபோதுதான் அவனைக் கடைசியாகப் பார்த்தோம். விமான நிலையத்தில் எடுத்த வாடகைக் கார், இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டு. பப்பில் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தான், அங்கே எல்லாம் ஜோர் என்றான், போய்விட்டான்.

எங்கள் ஊரில் இங்கிலாந்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு அதுதான் முறை. கார், கோட்டு, ஒரு சுற்று, எல்லாம் ஜோர். பஸ்ஸில் ஒற்றைப் பையோடு வந்து இறங்குகிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதுதான் கொடுமை. கேட்காத விதத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள்.

வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு, காஞ்சொறிச் செடியில் காலெல்லாம் எரிய, கொல்லைக் கதவைத் தட்டினேன். கதவு ஒரு கையளவு திறந்தது. ஆள் பாதியாகியிருந்தான். கைகள் மட்டும் அப்படியே இருந்தன, மண்வெட்டி பிடித்த கைகள். உள்ளே காலை நேரத்திலும் மெழுகுவர்த்தி எரிந்தது. சுவரெல்லாம் ஓதம். அடுப்பில் ஒரு பிடி கரி புகைந்துகொண்டிருந்தது.

"எப்போ வந்த?"

"ஜூன் மாசம், புனித யோவான் திருநாள் நெருப்புக்கு முன்னாடி. நீங்க கொளுத்தினப்போ உள்ள வரைக்கும் புகை வந்துச்சு. உருளைக்கிழங்கு சுட்ட வாசனையும் வந்துச்சு."

"அடப்பாவி. அத்தனை நாளா இந்தக் குகையிலயா?"

"குகைக்கு ஜன்னல் வரைஞ்சது யாரு?" என்று சிரித்தான். பல்லில் இரண்டு போயிருந்தன.

கதை நீளமில்லை. வேலைக்கு வயது தாண்டிவிட்டது. குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரன் விற்றுவிட்டான். கவன்ட்ரியில் கிழவர்களுக்கான விடுதியில் ஓர் அறை தருவதாகச் சொன்னார்கள், ஆறு பேருக்கு ஒரு சமையலறை. அதில் போய் விழுவதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறியிருக்கிறான். பக்கத்து ஊரில் இறங்கி, வயல் வழியாக நடந்து, கொல்லைப்புறமாக உள்ளே வந்து படுத்தவன் எழுந்து போக மனம் வராமல் கிடக்கிறான்.

"யார்கிட்டயும் சொல்லாத ப்ரீடா."

"ஏன், யாரையாவது கொன்னுட்டு வந்தியா?"

"தினம் காலைல முன்வாசல் தாழ்ப்பாள்ல கை வைக்கிறேன். தெருவுல யாராவது பேசுற சத்தம் கேக்கும். கையை எடுத்துடுறேன். என்னிக்காவது ஒரு நாள் திறந்துடுவேன். அதுவரைக்கும் விடு."

"பேச்சுச் சத்தமெல்லாம் கேக்குதா?"

"எல்லாம் கேக்குது. நான் செத்ததும் இந்த வீட்டை இடிச்சுட்டு ரோஜாத் தோட்டம் போடலாம்னு ஃபெர்கல் சொல்லிட்டிருந்தான். நல்ல யோசனைதான், மண்ணு நல்ல மண்ணு. நீ தினம் பெட்டூனியாவைத் திட்டுறதும் கேக்குது. சோம்பேறிக் கழுதைங்கிற, மினுக்கிங்கிற. பாவம், அது என்ன பண்ணுச்சு உன்னை?"

எனக்கு முகம் சூடேறியது. செடிகளோடு பேசுகிறவள் என்று ஊருக்குத் தெரியும். ஆனால் ஒருவன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம்.

மறுநாளிலிருந்து தள்ளுவண்டியில், சுருட்டிய குழாய்க்கு அடியில், மோஸியின் சாப்பாடும் வந்தது. சோடா ரொட்டி, வெண்ணெய், வாட்டிய பன்றி இறைச்சி, ஃப்ளாஸ்க்கில் தேநீர். ஜெரேனியத்தை அவன் சொன்ன வெளிர் ரோஜா நிறத்துக்கு மாற்றினேன். மூன்று தடவை கலந்தும் "இன்னும் கொஞ்சம் வெளுப்பு" என்று பலகைக்குப் பின்னாலிருந்து சொன்னான். பார்க்காமல் எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். பலகை விளிம்பில் ஒரு நூலிழை இடுக்கு இருப்பதாகவும், அதில் என் தூரிகை நுனி மட்டும் தெரிவதாகவும் சொன்னான். தெரு தெரியவில்லையா என்றேன். இல்லை என்றான்.

"பூவெல்லாம் எப்படி இருக்கு? ஊரே அதைத்தான் பேசுது. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

அன்றைக்கு வீட்டுக்குப் போய், செத்துப்போன என் புருஷனின் துளைபோடும் கருவியை எடுத்துவந்து, பூனையின் இடது கண்ணில் ஓர் ஓட்டை போட்டேன். கண்ணின் கறுப்புக்குள்ளே இருப்பதால் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"என்ன தெரியுது?" என்றேன்.

"பழைய தண்ணி பம்ப்படி தெரியுது. அதைச் சுத்தி நீலமா ஏதோ கொட்டிக் கிடக்கு. எதிர்ல பப்பு. மாடியில இருந்து தரை வரைக்கும் பூ. ப்ரீடா, இது நம்ம ஊருதானா? தள்ளி நில்லு, நீ மறைக்கிற."

சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த ஒரு வாரம் விடிவதற்குக் காத்துக்கொண்டிருந்தேன். மோஸி கப்பலேறுவதற்கு முந்தின கோடையில் திருவிழாக் கொட்டகையில் நாங்கள் ஒரு பாட்டு முழுக்கச் சேர்ந்து ஆடியிருக்கிறோம், அவன் என் காலை மிதித்தபடி. பிறகு நான் கசாப்புக் கடைக்காரர் டாமைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர், ஒரு குறை சொல்ல முடியாது. அந்தப் பாட்டைப் பற்றி மோஸியும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நடுவர்கள் வருவது வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஒத்திகை. நடுவர்களுக்குப் பதில் எங்களையே நடக்கவைத்து, எந்த இடத்தில் யார் என்ன பேச வேண்டும் என்று ஃபெர்கல் பார்த்துக்கொண்டு வந்தான். லாலர் வீட்டு முன்னால் என் முறை. வாயைத் திறக்கப் போனேன், ஃபெர்கல் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தான். மெல்லிய புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

"உள்ள யாரோ பூந்துட்டாங்க," என்றான். போனை எடுத்துவிட்டான். "போலீஸை வரச் சொல்றேன். நாளைக்குள்ள காலி பண்ணியாகணும்."

வேறு வழியில்லை. எல்லோரையும் ஊர் ஹாலுக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திச் சொன்னேன். உள்ளே இருப்பது மோஸி, அவன் வீட்டில் அவன் இருக்கிறான், எந்தப் போலீசும் வேண்டாம்.

"நம்ம மோஸியா?" என்றான் புல்வெட்டும் டெனிஸ். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. எப்படி வந்தான், ஏன் கொல்லைப்புறமாக வந்தான் என்பதெல்லாம் அந்த அமைதியிலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

ஃபெர்கல்தான் முதலில் வாயைத் திறந்தான். "வந்தது சந்தோஷம். நெஜமாவே சந்தோஷம். ஆனா ப்ரீடா, யோசிச்சுப் பாருங்க. காலி வீட்டை ஊரே சேர்ந்து எப்படி அழகாப் பாத்துக்குதுன்னு நடுவருங்களுக்குச் சொல்லியாச்சு. அந்த ஜன்னலை நம்பித்தான் நாம நிக்கிறோம். இப்பப் பலகையை எடுத்தா உள்ள அழுக்குக் கண்ணாடியும் பிஞ்ச திரையும்தான் இருக்கும். ரெண்டு நாள்ல என்ன பண்ண முடியும்? வியாழக்கிழமை மதியம் வரைக்கும் அடுப்பு மூட்டாம, சத்தம் காட்டாம இருக்கச் சொல்லுங்க. இவ்வளவு நாள் இருந்தவருதானே. அப்புறம் நாமளே பேண்டு வாசிச்சுக் கூட்டிட்டு வருவோம்."

எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான் பார்த்தேன். ஒரு வருடம் முழுக்க மண்ணில் முட்டிபோட்ட ஜனங்கள். அவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது, போனேன்.

மோஸி மேசையருகே உட்கார்ந்து கேட்டான்.

"சரி," என்றான். எழுந்துபோய் அடுப்பில் இருந்த கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்தான். "வியாழக்கிழமை மதிய பஸ் இன்னும் ஓடுதில்ல?"

"எதுக்குக் கேக்குற?"

"இத்தனை நாள் யாருக்கும் தெரியாம ஒளிஞ்சிருந்தேன். அது என் கோழைத்தனம், விடு. இப்ப ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் உள்ளயே இருன்னு சொல்றாங்க. அதுக்குக் கவன்ட்ரி விடுதி தேவல ப்ரீடா. அங்க என்னை யாருக்கும் தெரியாது."

நான் என்னவோ சொன்னேன், ரெண்டே நாள்தான், பேண்டு, அது இது என்று. என் காதுக்கே அசிங்கமாகக் கேட்டது. அன்றைக்கும் மறுநாளும் அவன் நான் கொண்டுபோன ரொட்டியைத் தொடவில்லை.

வியாழக்கிழமை வெயில் அடித்தது. எங்கள் ஊரில் ஜூலை மாதத்தில் அப்படி ஒரு வெயிலைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. ஃபெர்கல் தானே அதை வரவழைத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். நடுவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். காலுறைக்கு மேல் செருப்பு போட்ட நெட்டையான ஜெர்மன்காரர், பார்க்கும் இலையையெல்லாம் புரட்டிப் பூச்சி தேடும் ஒரு டச்சுக்காரர், இன்னும் பலர். அவர்களில் ஹங்கேரியிலிருந்து வந்த ஷாரோல்ட்டா என்ற அம்மாள் என் வயதுக்காரி, குள்ளம், எதையும் கிட்டே போய்க் குனிந்து பார்க்காமல் நகர மாட்டாள். பள்ளிக்கூடக் குழந்தைகளின் தக்காளித் தொட்டியையும் பம்ப்படியின் நீலப் பூக்களையும் பார்த்துவிட்டு லாலர் வீட்டுக்கு வந்து நின்றார்கள். பின்னால் ஊரே நின்றது.

என் முறை. பலகைமேல் நான் வரைந்த ஜன்னலைக் காட்டி, "இந்த வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார்," என்று ஆரம்பித்தேன். "அவர் திரும்பி வர்ற வரைக்கும் வீடு தனியா இருக்கக் கூடாதுன்னு ஊர்க்காரங்க சேர்ந்து..."

இதற்குள் ஷாரோல்ட்டா பூனையிடம் போய்க் குனிந்துவிட்டாள். குனிந்தவள் சட்டென்று ஓரடி பின்னால் வந்தாள்.

"இந்தப் பூனை என்னைப் பாக்குது," என்றாள் மெதுவான ஆங்கிலத்தில்.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்கல் பலமாகவே சிரித்தான். "எங்க ப்ரீடா வரைஞ்சா அப்படித்தான். துணிக்கடையில தொப்பி வாங்கவே ஆள் வந்திருக்காங்க."

"இல்ல. கண்ணை மூடித் திறந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "உள்ள யார் இருக்காங்க?"

ஃபெர்கல் என்னைப் பார்த்தான். கன்று ஈனும் மாட்டின் முன்னால் நிற்கும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, கெஞ்சலும் அதட்டலுமாக. டெனிஸ் தரையைப் பார்த்தான். நான் மதிய பஸ்ஸை நினைத்தேன்.

"மோஸி லாலர்," என்றேன். "வீட்டுக்காரர். அவர் வந்து பல நாளாச்சு. நாங்கதான் உள்ள வெச்சு மூடியிருக்கோம்."

"ஏன்?"

"உங்களுக்காகத்தான்."

அவள் அதை மற்ற நடுவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் யாராவது ஒரு திருப்புளி கொடுங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, நகத்தால் பிய்க்கிறேன் என்று பலகையின் ஓரத்தில் விரலை விட்டேன்.

"விடுங்க, கையை அறுத்துக்கப் போறீங்க," என்று பின்னால் ஃபெர்கலின் குரல் கேட்டது. கோட்டுப் பையிலிருந்து குளம்பு சீவுகிற கத்தியை எடுத்தான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. "துருப்பிடிச்ச ஸ்க்ரூ. நீங்க கழட்டினா பொழுது சாஞ்சுடும்."

ஒவ்வொன்றாகக் கழற்றினான். டெனிஸ் வந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டான். திரை, தொட்டி, பூனை எல்லாம் சேர்ந்து ஒரே பலகையாகத் தரைக்கு இறங்கின. அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மோஸி நின்றுகொண்டிருந்தான். முகத்தை மழித்து, கோட்டு போட்டு, கையில் பையோடு பஸ்ஸுக்குத் தயாராக நின்றான். வெயில் முகத்தில் விழுந்ததும் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டான். ஒரு நடுவர் கேமராவைத் தூக்கினார். ஷாரோல்ட்டா அதை விரலால் மெல்லக் கீழே இறக்கினாள்.

மேலே தூக்கித் திறக்கிற ஜன்னல் அது. மோஸி பையை வைத்துவிட்டு அதன் கீழ்ப்பாதியை இரண்டு கையாலும் உந்தினான். முதலில் அசையவில்லை, பிறகு ஒரு முனகலோடு மேலே போனது. கையை இறக்கிவிட்டுத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான்.

"ரொம்ப நல்லாருக்கு," என்றான். "இதுவரைக்கும் ஒத்தைக் கண்ணாலதான் பாத்தேன்."

ஷாரோல்ட்டா தலையசைத்தாள். நடுவர்களுக்கு நேரக் கணக்கு உண்டு, ஆற்றங்கரை பாக்கி இருந்தது. ஃபெர்கல் அவர்களை நடத்திக்கொண்டு போனான், நடை தளர்ந்திருந்தது. எங்களுக்குக் கடைசியில் வெள்ளிதான் கிடைத்தது. மோஸியால்தான் தங்கம் போனது என்று ஒரு கட்சியும், ஆற்றங்கரைக் கழிப்பறையால்தான் போனது என்று இன்னொரு கட்சியும் இன்றுவரை பப்பில் சண்டை போடுகின்றன. அது பிறகு வந்த சங்கதி.

கூட்டத்தில் பாதிப் பேர் நடுவர்களோடு போகாமல் நின்றார்கள். எல்லோரும் மோஸியைத் தெரிந்தவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாத அமைதிதான் அது, இப்போது எனக்குப் புரிகிறது. ஆனால் ஜன்னலுக்கு உள்ளே நின்றவனுக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கும். தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். முன்வாசல் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பையோடு இறங்கி, எங்கள் நடுவே நடந்து, பம்ப்படிக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும் இடத்தில் பையை வைத்துவிட்டு நின்றான்.

நான் பின்னாலேயே ஓடினேன்.

"போகாத மோஸி."

"கோபமில்ல ப்ரீடா. முன்வாசல் வழியாப் போறேன்ல. அது போதும் எனக்கு."

"உனக்குப் போதும். எனக்குப் போதாது."

சொன்னதும் என் காதுக்கே எட்டியது நான் என்ன சொன்னேன் என்று. அவன் என்னைப் பார்த்தான், பிறகு தன் கைகளைப் பார்த்தான். "இங்க நான் என்னவா இருப்பேன்?" என்றான். "வேடிக்கைப் பொருளா? ஜன்னல்ல வெச்ச ஆளா?" எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆற்றங்கரைப் பக்கமிருந்து ஃபெர்கல் மூச்சுவாங்க ஓடிவந்தான். யாரையோ தேடுகிறவன்போல் கூட்டத்தைப் பார்த்தான். எங்களைப் பார்த்ததும் நின்றான். பையைப் பார்த்தான். அவன் திட்டப்போகிறான் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு திட்டத் தயாரானேன்.

"மோஸி," என்றான் இரைக்க இரைக்க. "சும்மாதானே நிக்கிறீங்க. ஹால்ல இருக்கிற நாற்காலியெல்லாம் பாதிரியார் தோட்டத்துக்குப் போகணும். இந்த ஜெர்மன்காரர் வெயில்லதான் உக்காந்து டீ குடிப்பேங்குறார். டெனிஸால முடியாது, அவனுக்கு இடுப்பு புடிச்சிருக்கு."

"எனக்கு பஸ் வந்துரும்."

"பஸ் நாளைக்கும் வரும். நாற்காலி இப்ப வேணும்."

மோஸி அவனையே பார்த்தான். ஃபெர்கல் முகத்தைச் சுளித்தான். "என்ன பாக்குறீங்க? அவங்க ஆத்தங்கரையைச் சுத்திட்டு வர்றதுக்குள்ள போட்டாகணும். மடக்குற நாற்காலிதான், ஒரு கைக்கு ரெண்டு புடிக்கும். பாதிரியார் வீட்டுக் கேட்டு எதுன்னு மறந்துடலையே?"

எங்கள் ஊரில் விருந்தாளியிடம் நாற்காலி தூக்கச் சொல்ல மாட்டோம். விருந்தாளியை உட்காரவைத்து டீ கொடுப்போம், இங்கிலாந்து எப்படி என்று கேட்போம், வாசல்வரை வந்து வழியனுப்புவோம்.

"எத்தனை?" என்றான் மோஸி.

"இருக்கிறதெல்லாம்."

மோஸி கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அது லேசாக ஓதமடித்த வாசனை வீசியது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு ஹாலுக்குள் போனான். கூட்டத்தில் நின்ற இரண்டு பேர், அதுவரை வாயைத் திறக்காதவர்கள், அவன் பின்னால் போனார்கள். உள்ளேயிருந்து நாற்காலிகள் மடங்குகிற சத்தமும், "அதை இப்படிப் புடி, விரல் மாட்டிக்கும்" என்று மோஸி யாரையோ அதட்டுகிற சத்தமும் கேட்டது.

மதிய பஸ் வந்து பம்ப்படியில் நின்றபோது அவன் கைக்கு இரண்டாக நான்கு நாற்காலிகளோடு தெருவைக் கடக்கப் போனான். ஓட்டுநர் கீழே இருந்த பையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். இரண்டு கையிலும் நாற்காலி இருந்ததால் மோஸி முகவாயை ஆட்டி, நான் வரவில்லை, நீங்கள் போகலாம் என்று காட்டினான். பஸ் நகர்ந்து போகும்வரை நடைபாதையில் ஒதுங்கி நின்று, பிறகு தெருவைக் கடந்தான்.